‘இசைக்காகவே வாழ்ந்தார்’ என்று எழுதுவோர் கவனத்திற்கு

இசையாசிரியர் ஒருவர் மறைந்தால் அஞ்சலிக் குறிப்பில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: ‘இசைக்காகவே வாழ்ந்தார்.’ மணிவிழா மலர்களில் அது நிகழ்காலத்துக்கு மாறும். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ‘வாழ்வும் பணியும்’ என்னும் இயலில் சற்று நீண்டு, ‘உலகியல் இன்பங்களை நாடாமல் இசை ஒன்றையே தவமாகக் கொண்டு’ என்று விரியும். எழுதுவோருக்கு இது மரியாதை. வாசிப்போருக்குப் பழகிய சொற்றொடர். எவரும் நின்று யோசிப்பதில்லை.

யோசிக்க வேண்டும். இசைக்காகவே வாழ்பவருக்கு வீட்டு வாடகை இல்லை, மளிகைக் கணக்கு இல்லை. டிகாக்ஷன் சரியாக இறங்காத காலையின் எரிச்சலும், இறங்கிய காலையின் நிறைவும் இல்லை. வெயில் தாழ்ந்த பின் திண்ணையில் கால் நீட்டி உட்காரும் ஆசை இல்லை. தேவைகளே இல்லாத ஒருவருக்கு ஊதியம் எதற்கு? அந்த வாக்கியம் சொல்லாமல் சொல்வது இதைத்தான். இசையாசிரியரின் அன்றாடத்தையும் அவர் வீட்டின் சிறு இன்பங்களையும் நீக்கிவிட்டு எழுதும் பழக்கம், தரவில் ஒரு சிறு விடுபாடு என்று கருதத்தக்கது அன்று. அவருடைய உழைப்பை மலிவாக்கும் வேலையில் அதற்கும் பங்குண்டு.

பொதுவாகப் பேசினால் இந்த விவாதம் காற்றில் கரைந்துவிடும். ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். அரக்கோணம் – ரேணிகுண்டா இருப்புப்பாதையில் உள்ள புத்தூர். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. ஆகையால் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் இன்றும் அங்கு உண்டு. இசை வரலாற்றில் இது வெற்றிடமும் இல்லை. அருகிலுள்ள கார்வேட்டிநகரச் சமஸ்தானம் வர்ணங்கள் இயற்றிய கோவிந்தசாமய்யாவையும் பதங்கள் இயற்றிய சாரங்கபாணியையும் தந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்த இடமாக மரபு சொல்லும் திருத்தணி ஒரு பக்கம். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியரின் பாடல்கள் செப்பேடுகளில் உறங்கிக் கிடந்த திருமலை மறுபக்கம். மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள புங்கனூரில் பிறந்தவர்தான் 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை.

இத்தனை இருந்தும் தமிழுலகம் புத்தூரை அறிவது எலும்பு முறிவுக் கட்டினால். ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தமிழகத்தின் எந்தப் பேருந்து நிலையத்தருகிலும் கண்ணில் படும். ஓர் ஒப்பீட்டுக்கு இந்தக் கட்டே போதும். எலும்பு கட்டுவதும் குடும்பத்துக்குள் கைமாறிய கலை. அதுவும் ஏட்டைவிடக் கையையும் காதையும் நம்பியது. நீண்ட காலப் பயிற்சியின்றி அதுவும் வாய்க்காது. ஆனால் எலும்பு கட்டுபவர் ‘எலும்புக்காகவே வாழ்ந்தார்’ என்று எவரும் எழுதுவதில்லை. கட்டுக்குக் காசு கொடுப்பதை எவரும் காணிக்கை என்று அழைப்பதில்லை. அவர் மாம்பழம் தின்றால் அவருடைய கலைக்குக் களங்கம் என்று எவரும் நினைப்பதில்லை. பாட்டு வாத்தியாருக்கு மட்டும் ஏன் இந்தத் துறவுக்கோலம்?

புத்தூர் போன்ற ஓர் ஊரில் வீட்டில் பாட்டுச் சொல்லித்தருபவரின் நாள் எப்படி இருக்கும்? பால் வருவதற்கு முன் சுருதிப்பெட்டி ஒலிக்கும். மாணவர் எவரும் இல்லாத அந்த அரைமணி நேரம் மட்டுமே அவருக்குச் சொந்தமான சாதகம். பிறகு முதல் காப்பி. பள்ளிக்குப் போகும் முன் இரண்டு பிள்ளைகள் வந்து சரளி வரிசை பாடுவார்கள். அடுப்படியில் தாளித்துக்கொண்டே, தவறிய ஸ்வரத்தை உள்ளிருந்து ஒரு குரல் திருத்தும். பகலில் சமையல், துணி, சிறிது உறக்கம். மாலை நான்கரை முதல் வாசலில் செருப்புகள் பெருகும். ஏழு மணிக்குமேல் வீடு அடங்கும். தொலைக்காட்சியில் திருமலை நாதநீராஜன மண்டபத்துக் கச்சேரி ஓட, பூத் தொடுத்துக்கொண்டே, பாடகர் நிரவலுக்கு எடுத்த இடம் சரியா என்று தமக்குள் தீர்ப்புச் சொல்வார். கோடையில் சித்தூர்ச் சீமையின் பங்கனபள்ளி மாம்பழம் வீட்டுக்கு வரும். சில வீடுகளில் கட்டணத்துக்குப் பதிலாகவே வரும். மழைக்காலத்தில் வகுப்பு குறையும். அப்போது யாருக்கும் கற்பிக்காத ஒரு பதத்தைத் தமக்காக மட்டும் பாடிப் பார்ப்பார்.

இந்த நாளிலிருந்து ஆய்வேட்டுக்குள் செல்வது எது? ‘குருகுல முறையின் சிதைவு’, ‘சிறுநகரங்களில் செவ்வியல் இசையின் பரவல்’ ஆகிய துணைத்தலைப்புகளின்கீழ் இரண்டு வாக்கியங்கள். எஞ்சியவை ‘தொடர்பற்றவை’ என்று களக்குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகின்றன.

தொடர்பற்றவை எனப்படுபவற்றுள் ஒன்றை மட்டும் பார்க்கலாம்: பாட்டு நோட்டு. புத்தூரில் ஒரே வகுப்பில் அமரும் இரு பிள்ளைகளில் ஒருவர் தெலுங்கில் எழுதுவார்; மற்றவர் தமிழில் எழுதுவார். தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழ் எழுத்தில் எழுதுபவருக்குக் ககரம் ஒன்றுக்கு நான்கு ஒலி. அச்சு நூல்களில் உள்ளதுபோல் எழுத்தின் தலையில் இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிட வேண்டும். தமிழ்ப் பாடலைத் தெலுங்கு எழுத்தில் எழுதுபவருக்கு ழகரம் இல்லை. ‘பழனி’யும் ‘அழகு’ம் ளகரத்தில்தான் நோட்டில் ஏறும். ஏட்டில் இல்லாத ஒலியை ஆசிரியர் வாயால் மீட்டுத்தர வேண்டும். ஒரு மொழியின் பாட்டு மற்றொரு மொழியின் நாவில் எப்படி நிலைபெறுகிறது என்பது மொழியியலுக்கும் இசையியலுக்கும் பொதுவான, பெரிய கேள்வி. அதற்கான விடை திண்ணையில், காப்பி டம்ளரின் வட்டக்கறை படிந்த நோட்டில் இருக்கிறது. வீட்டைத் தள்ளிவைத்த ஆய்வுக்கு அந்த நோட்டு அகப்படுவதில்லை.

துறவுக்கோலத்தின் மூலம் தெரிந்ததே. தியாகராசர் அரசரின் அழைப்பையும் செல்வத்தையும் மறுத்த கதையும், அதையொட்டிச் சொல்லப்படும் கல்யாணி ராகக் கீர்த்தனையும் இசை வகுப்புகளில் சொல்லப்படும் முதற்கதைகளுள் ஒன்று. கதையின் உண்மை பொய் இங்கே பொருட்டன்று. ஒரு வாக்கேயக்காரரின் சொந்தத் தேர்வாகச் சொல்லப்பட்டது, பின்வந்த ஆசிரியர் அனைவர்மீதும் விதியாகச் சுமத்தப்பட்டதே சிக்கல். மரபு ஒரே முகம் கொண்டதும் இல்லை. மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரியை அதே வாய்மொழி மரபு தாம்பூலப் பிரியராகவே நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு அவருடைய பக்தியைக் குறைத்ததாக எவரும் கருதியதில்லை. சாரங்கபாணியின் பதங்களில் வீடும் படுக்கையும் ஊடலும் அண்டை வீட்டுப் பேச்சும் நிறைந்திருக்கின்றன. மொழிகூடப் பேச்சுத் தெலுங்கை நெருங்கி நிற்பது. பாட்டுக்கு வீடு உண்டு, பாட்டைச் சொல்லித்தருபவருக்கு இல்லை என்பது விந்தையான நியாயம்.

இருபதாம் நூற்றாண்டு இந்த நியாயத்தைக் கலைத்திருக்க வேண்டும். 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியது. மியூசிக் அகாதமி ஆசிரியர் பயிற்சிக்கெனத் தனிக் கல்லூரி நடத்தியது. 1936இல் கலாக்ஷேத்ரா, 1949இல் சென்னையில் அரசின் மத்தியக் கர்நாடக இசைக் கல்லூரி, பிறகு திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்ரீ வேங்கடேசுவர இசை நடனக் கல்லூரி. இவை இசையாசிரியரை மாதச் சம்பளம் பெறும் ஊழியராக்கின. மணி அடித்தால் வகுப்பு, கையெழுத்துப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பம் எல்லாம் வந்துவிட்டன. எழுத்தின் மொழி மட்டும் மாறவில்லை. பணி விதிகளில் ஊழியராக இருப்பவர் மலர்களில் முனிவராகவே நீடிக்கிறார்.

ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவின் வாழ்வை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 1893இல் அனந்தப்பூர்ச் சீமையில் பிறந்தவர். மைசூர் மகாராஜா கல்லூரியில் முப்பதாண்டுகளுக்கு மேல் தெலுங்கு ஆசிரியர். ஓய்வுக்குப் பின் திருப்பதியில் அன்னமாச்சாரியரின் செப்பேட்டுப் பாடல்களைப் பதிப்பித்தார்; நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு இசையமைத்தார். 1974இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். இன்று மேடைகளில் ஒலிக்கும் அன்னமய்யா பாடல்களில் கணிசமானவற்றுக்கு ஊற்றுக்கண் அவர் பணி. அதைத் ‘தெய்வ சங்கல்பம்’ என்று எழுதுவோர், அதற்கு முன் அவருக்கு ஒரு கல்லூரிச் சம்பளம் இருந்ததை எழுதுவதில்லை. மாதந்தோறும் வரும் ஊதியமும், அது உறுதிசெய்த மாலைப்பொழுதும், புத்தகம் வாங்கவும் நண்பரோடு அமர்ந்து பாடவும் கிடைத்த ஓய்வும் இல்லாமல் அத்தகைய புலமை தானாக முளைத்துவிடாது. சம்பளத்தைச் சொன்னால் புலமையின் பெருமை குறையும் என்ற அச்சம், புலமை எப்படி உருவாகிறது என்பதையே மறைத்துவிடுகிறது.

இந்த மறைப்புக்கு விலை உண்டு. எல்லைக்கு இப்பால் அதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024இல், அது 12,500 ரூபாயாக இருந்தது. பள்ளி விடுமுறையான மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்பது அவர்கள் ஆண்டுதோறும் எழுப்பிய முறையீடு. மே மாதத்தில் இசையாசிரியருக்குப் பசிக்காது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. ‘இசைக்காகவே வாழ்பவர்’ என்ற வாக்கியம் அதை முன்பே சொல்லி வைத்திருந்தது. கணக்கு ஆசிரியரை ‘கணக்குக்காகவே வாழ்பவர்’ என்று அழைத்துப் பகுதிநேரத்தில் நிறுத்த எவரும் துணிவதில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டை நீக்கும் எழுத்து, அந்த வீட்டில் உழைத்தவரையும் சேர்த்தே நீக்குகிறது. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பயின்றார். தனம்மாளின் பேத்தி பிருந்தாவும் அவரிடம் பயின்றார். சித்தூராரிடம் மதுரை சோமு பயின்றார். மாணவர் ஆசிரியரோடு தங்கிக் கற்ற குருகுலங்களின் பெயர்வரிசை இப்படித் தெளிவாகக் கிடைக்கிறது. அத்தனை பிள்ளைகளுக்கும் உலை வைத்தது யார், தண்ணீர் இறைத்தது யார், காய்ச்சலில் படுத்தவனுக்குக் கஞ்சி கொடுத்தது யார் என்ற வரிசையை எந்தச் சிஷ்ய பரம்பரை அட்டவணையிலும் காண இயலாது. குருகுலம் என்ற சொல் ஒரு சமையலறையை மூடி நிற்கிறது. மின்சுருதிப் பெட்டி வருவதற்கு முன் வகுப்பு முழுவதும் தம்பூரா மீட்டிய கைகள் பலவும் அந்தச் சமையலறையிலிருந்து எழுந்து வந்தவையே.

சாதியும் இதில் உண்டு. வீணை தனம்மாள் தம் சென்னை வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். அந்த மாலைகளுக்குத் தமிழிசை வரலாற்றில் தனியிடம் உண்டு. ஆனால் அந்த வீட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதைக் கோயிலாக்கிவிட்டே எழுதுகின்றனர். காரணம் வெளிப்படை. அந்தக் காலத்தில் நடுத்தர வர்க்க உயர்சாதி வீட்டில் பெண் பாட்டுக் கற்பது குடும்பப் பண்பாடு எனப்பட்டது. தலைமுறைகளாக இசையைக் காத்த தேவதாசி மரபுப் பெண்ணின் வீடு சந்தேகத்துக்குரியதாயிற்று. 1947இன் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையொட்டிய விவாதங்களில் அந்தச் சந்தேகம் வெளிப்படையாகவே ஒலித்தது. தவேஷ் சோனேஜி, லட்சுமி சுப்பிரமணியன், ஆமண்டா வைட்மன் ஆகியோரின் ஆய்வுகள் இந்த மதிப்பு மாற்றத்தை விரிவாகக் காட்டியிருக்கின்றன. அந்த மரபுப் பெண்களின் வீட்டு இன்பங்களை, அவற்றைக் கோயிலாக்காமலும் குற்றமாக்காமலும், ஒரு வீட்டின் இன்பங்களாகவே எழுதுவது எளிய செயல் இல்லை, நீதியின்பாற்பட்ட செயல்.

இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, இதெல்லாம் வம்பு. ஒருவர் காப்பி குடித்ததும் பூத் தொடுத்ததும் ஆய்வாகாது என்பது. காப்பியை வைத்தே தமிழ்ச் சமூக வரலாற்றின் ஒரு காலகட்டத்தை எழுதிக்காட்டியவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. தனம்மாளின் பேரர் டி. சங்கரன் வித்துவான்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் வீட்டுப் பேச்சும் நகைச்சுவையும் இசைநுட்பமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அவற்றை ஆய்வாளர்கள் இன்றும் ஆதாரமாகக் கொள்கின்றனர். டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ மிருதங்கம் செய்வோரின் வீடுகளுக்குள் சென்றபின்தான், மிருதங்கத்தின் நாதத்தில் எவருடைய உழைப்பு ஒலிக்கிறது என்பது பரந்த வாசகருக்குத் தெரியவந்தது. பிறர் மறைக்க விரும்புவதைப் பறித்துச் சொல்வது வம்பு. ஒருவர் தாமே மகிழ்ந்து சொல்வதைக் கேளாமல் விடுவது கவனக்குறைவு.

இரண்டாவது மறுப்பு வலுவானது. சிறு இன்பங்களைப் பாடத் தொடங்கினால் ‘எளிய வாழ்வின் இனிமை’ என்ற மற்றொரு பொய் பிறக்காதா? காப்பியும் மாம்பழமும் மல்லிகையும் போதும் என்றிருக்கும் ஆசிரியருக்கு 12,500 ரூபாயே மிகுதி என்று நாளை எவரேனும் வாதிடமாட்டார்களா? வாதிடுவார்கள். துறவியாக வரைந்தாலும், போதுமென்ற மனம் கொண்டவராக வரைந்தாலும் ஊதியப் பட்டியல் ஒன்றுதான். ஆகையால் இன்பத்தை எழுதும்போது அதன் விலையையும் எழுத வேண்டும். மாலைக் காப்பியைச் சொல்லும் பக்கத்திலேயே பால் கணக்கு இருக்க வேண்டும். மதிய உறக்கத்தைச் சொல்லும்போது, அதைப் பறித்துக்கொண்ட கூடுதல் வகுப்பும் அதற்குக் கிடைத்த தொகையும் இருக்க வேண்டும். கட்டணமாக வந்த மாம்பழத்தைச் சொல்லும்போது, வராமற்போன கட்டணத்தையும் சொல்ல வேண்டும். விலையோடு சேர்த்து எழுதப்பட்ட இன்பம் எவருக்கும் சாக்காகப் பயன்படாது.

புத்தூரிலோ நகரியிலோ திருத்தணியிலோ களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் வழக்கமான வினாநிரலில் சில வினாக்களைச் சேர்க்கலாம். எந்த நேரத்தில் தமக்காகப் பாடுகிறார்? கற்பிக்காமல் வைத்திருக்கும் பாடல் எது, ஏன்? வகுப்பு நடக்கும்போது வீட்டில் வேலை செய்பவர் யார்? கட்டணத்தை எப்படிக் கேட்கிறார், கேட்கக் கூச்சப்படுகிறாரா, அந்தக் கூச்சத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள்? கோடை விடுமுறையில் குடும்பம் எப்படி நடக்கிறது? பழைய நோட்டுகள் எங்கே இருக்கின்றன? எதை வெளியிடலாம், எதை வெளியிடக்கூடாது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். இந்த வினாக்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம். சென்ற முதல் நாளே ஒலிப்பதிவை அழுத்தாமல், கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும் பொறுமை போதும்.

ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ‘இசைக்காகவே வாழ்ந்தார்’ என்ற வாக்கியம் கண்ணில் பட்டால், ஆதாரமற்ற எந்தக் கூற்றுக்கும் கேட்பதுபோல அதற்கும் ஆதாரம் கேட்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு வினா போதும்: அவருக்கு மாத வருமானம் எவ்வளவு, அதில் வீடு எப்படி நடந்தது? விடை தெரியாத மாணவர் இன்னும் அந்த ஆசிரியரின் வீட்டுக்குள் போகவில்லை என்று பொருள். திருப்பி அனுப்பிப் போய்வரச் சொல்ல வேண்டும்.